அவசரம்: வொல்லார் எச்சிங், நம்பர் இல்லை. அசலா?

கீற்றொளி:
பிக்காசோ போட்ட எச்சிங், அதாவது அமிலத்தால அரிச்ச செப்புத்தகட்டுல இருந்து எடுத்த அச்சு. பாரிஸ் ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வொல்லாரோட முகம். லிமிடெட் எடிஷன்னு சொல்றாங்க, ஆனா 12/50 மாதிரி (50 பிரதியில 12வதுன்னு) நம்பர் எதுவும் காணோம். கையெழுத்து இருக்கு. அளவு 35×25 செ.மீ. நாளைக்குள்ள பதில் சொல்லணும். என்ன மதிப்பு போடலாம்?

செப்புத்தகடு:
35×25 எதோட அளவு? தாளா, தகடு அழுத்தின தடமா? ஃபிரேமுக்குள்ள இருக்கா? கையெழுத்து பென்சிலா, மையா? இதெல்லாம் தெரியாம விலை கேட்டா ஜோசியம்தான் சொல்லணும்.

மையொற்று:
தேடல் பெட்டின்னு மேல ஒண்ணு இருக்கு, யாரும் தொடறதே இல்ல. சரி, மறுபடியும் சொல்றேன். பிக்காசோவோட வொல்லார் தொகுப்பு மொத்தம் 100 தகடு, கடைசி மூணு அவரோட முகம், 1937. அச்சடிச்சது ரோஜே லாக்கூரியேர். ஒவ்வொரு தகட்டுலயும் சின்னத் தாள்ல 260, பெரிய தாள்ல 50, பதப்படுத்தின தோல்ல 3. அந்த 260ல நம்பரே போடல. யாராவது அதுல பென்சிலால 12/260 மாதிரி நம்பர் எழுதியிருந்தா அப்போ சந்தேகப்படுங்க.

பழையதாள்:
சின்னத் தாள் ஏறக்குறைய 44.5×34, பெரியது 50×38.5. முகங்களோட தகடுதான் கிட்டத்தட்ட 35×25. உங்க தாளே 35×25ன்னா ஓரத்தை வெட்டிட்டாங்கன்னு அர்த்தம், மதிப்பு படுத்துடும். சின்னத் தாள்ல ‘பிக்காசோ’ இல்லேன்னா ‘வொல்லார்’னு நீரெழுத்து (வாட்டர்மார்க்) இருக்கும், பெரியதுல மோங்கோல்ஃபியே காகித ஆலை பேரு. வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சாத் தெரியும்.

செப்புத்தகடு:
10 மடங்கு பெருக்கிக் காட்டற லூப்பு (சின்ன லென்ஸ்) வெச்சு கறுப்புப் பகுதியைப் பாருங்க. வரிசை பிசகாம வட்டப் புள்ளி வந்தா புத்தகத்துல இருந்து கிழிச்ச பக்கம். அக்குவாடின்ட்னா (தகட்டுல பிசின் தூள் தூவி அமிலத்துல அரிக்கற முறை) பிசின் துகள் இருந்த இடம் வெள்ளையா நிக்கும், சுத்தி அமிலம் கடிச்ச கறுப்பு வலை மாதிரி ஒழுங்கில்லாம ஓடும். தகட்டுத் தடத்தை மட்டும் நம்பாதீங்க, வெறும் தகட்டை வெச்சு அழுத்தியும் அதை உண்டாக்கலாம். ஃபோட்டோகிராவ்யூருக்கும் (போட்டோவைத் தகட்டுல ஏத்தி அரிச்சு அடிக்கற நகல்) துகளும் தடமும் உண்டு. அதனால பிரிட்டிஷ் மியூசியம் 2011ல வாங்கின முழுத் தொகுப்போட படம் ஆன்லைன்ல இருக்கு, கோடு கோடா ஒப்பிடுங்க.

நாலணா:
எல்லாரும் ஏன் ‘செதுக்கல்’னு சொல்லல? நல்ல தமிழ் இருக்கே.

மையொற்று:
செதுக்கறது உளியோட வேலை, அது என்கிரேவிங். இங்க அமிலம்தான் தகட்டை அரிக்குது. நல்ல தமிழ், தப்பான தமிழ்.

நாலணா:
அப்போ ‘அரிப்போவியம்’னு வெச்சுக்கலாமா? தோல் டாக்டர் ஞாபகம் வருது.

பழையதாள்:
வேற இழை போட்டு சண்டை போடுங்கப்பா. கீற்றொளி, ஃபிரேமைப் பிரிக்கறப்போ பின்னாடி டேப் இருந்தா தாள்ல இருந்து உரிக்காதீங்க, அட்டைப் பக்கமா வெட்டி விடுங்க. மவுன்ட் அட்டையோட (படத்தைச் சுத்தி வெக்கற அட்டை) அமிலம் பழுப்புக் கட்டமா இறங்கியிருக்கான்னும் பாருங்க. விலைக்கு, கடைக்காரர் கேக்கற தொகையை விடுங்க. இதே தகடு, இதே தாள் அளவு, இதே நிலையில கடைசி 5 வருஷம் ஏலத்துல என்ன போச்சுன்னு தேடுங்க. சுத்தியல் விலையா (ஏலத்துல கடைசியா கேட்ட தொகை), ஏலக் கம்பெனி கமிஷன் சேர்த்த விலையான்னு பார்த்து ஒப்பிடுங்க. இன்சூரன்ஸ் மதிப்பு வேற, அது பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

கீற்றொளி:
பிரிச்சாச்சு. தாள் 44.3×33.8. ‘வொல்லார்’ நீரெழுத்து தெரியுது. புள்ளி வரிசை இல்ல. ஆனா கையெழுத்து தாள்ல இல்ல, மவுன்ட் அட்டையில எழுதியிருக்கு 😐

செப்புத்தகடு:
அட்டையிலன்னா அதுக்கு மதிப்பு பூஜ்யம். அதுக்காகப் படத்தை விட்டுடாதீங்க. வொல்லார் 1939ல செத்துட்டார், தாள்களை வாங்கின அச்சுப்பட வியாபாரி பெத்தியே பின்னாடிதான் கொஞ்சம் கொஞ்சமா பிக்காசோகிட்ட கையெழுத்து வாங்கினார். கையெழுத்தில்லாததும் அசல்தான், விலை மட்டும் நல்லாவே இறங்கும். கையெழுத்திட்டதுன்னு கேக்கற விலையைக் கொடுக்காதீங்க.

மையொற்று:
மூணு முகத்துல எதுன்னு இன்னும் சொல்லலையே?

பழையதாள்:
பழுப்பு இருக்கா?

நாலணா:
ஆள் ஏலத்துக்குப் போயிட்டார் போல.