ஆகஸ்ட் 5-இல் வாங்கிய ரப்பர் ஷீட் மே 8 கணக்கில் போய் நிற்கிறது

குலசேகரம் டிப்போவில் லினக்ஸ் மெஷின், அங்கிருந்து தினமும் ராத்திரி கொள்முதல் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) வரும். மார்த்தாண்டம் கடையில் விண்டோஸ், எக்செல்லில் திறப்போம். 05/08/2024 என்று வந்தது மே 8 ஆகிவிடுகிறது, ஆனால் 13/08 முதல் சரியாகத்தான் தெரிகிறது. ஆகஸ்டில் வாங்கிய ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த கழிவு ரப்பர்) கூட்டினால் எடை உதைக்கிறது. வைரஸா?

தக்கலைக்காரன்: வைரஸ் எல்லாம் இல்லை மக்கா. கடை மெஷினில் ரீஜன் அமெரிக்கா என்று இருக்கும், அங்கே மாதம்தான் முதலில். 13-ஆவது மாதம் கிடையாதே, அதனால் அந்த வரிகளைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். செல்லைப் பாருங்கள், இடது பக்கம் ஒட்டி நிற்கும். மாதக் கூட்டலில் அது சேரவே சேராது. கண்ட்ரோல் பேனலில் ரீஜன் போய் இங்கிலீஷ் இந்தியா வையுங்கள்.

கேட்டவர்: மாற்றிவிட்டேன் அண்ணே, புது ஃபைல் சரி. பழையது அப்படியே இருக்கிறதே?

தக்கலைக்காரன்: இருக்கத்தான் செய்யும். எக்செல் தேதியை நாள் எண்ணாகத்தான் வைக்கும். மே 8 என்று எடுத்து 45420 போட்டுச் சேமித்தாகிவிட்டது, ஆகஸ்ட் 5 என்றால் 45509. மூல சிஎஸ்வியைத் திரும்ப இறக்குங்கள், அந்தத் தேதி நெடுவரிசைக்கு டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) என்று சொல்லி. நாளையும் மாதத்தையும் ஃபார்முலா போட்டுத் திருப்பினால், ஏற்கெனவே சரியாக மே 8 என்று பதிந்த சரக்கு இருந்தால் அதுவும் ஆகஸ்டுக்குப் போய்விடும்.

கருப்புத்திரை: டிப்போ பக்கமும் பாருங்க. லினக்ஸில் தேதி வடிவத்தை எல்சி_டைம் என்ற லொக்கேல் (நாடு, மொழி வழக்கம்) செட்டிங் தீர்மானிக்கும். கையால் ஓட்டும்போது உங்கள் லாகின் செட்டிங் இருக்கும், ராத்திரி க்ரானில் (நேரம் வைத்துத் தானாக ஓட்டுவது) ஓடும்போது பெரும்பாலும் அது இருக்காது, எந்த நாடும் சொல்லாதபோது வரும் வெறும் சி லொக்கேல்தான். சிஎஸ்வி எழுதும் ஸ்கிரிப்ட் லொக்கேலை நம்பித் தேதி எழுதினால் ஒருநாள் மாதம் முன்னால் வந்து ஆண்டும் இரண்டு இலக்கமாகச் சுருங்கும். கடையில் நாளைக்கு வேறு மெஷின் வாங்கினால் மறுபடி இதே கூத்து. எக்செல்லுக்குப் பதில் லிப்ரேஆபீஸில் திறந்தால் அதற்குத் தனி லொக்கேல் வேறு. ஸ்கிரிப்டிலேயே 2024-08-05 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுங்கள், 1988-இலேயே ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமாக வந்த வடிவம்தான். எக்செல் எந்த ரீஜனிலும் இதைக் குழப்பாது.

கேட்டவர்: ஷீட் கொண்டுவருகிறவர்களுக்கு ஆண்டு முன்னால் இருந்தால் பிடிக்காதே?

கருப்புத்திரை: அவர்கள் கைக்குப் போகும் பில்லில் 05/08/2024 என்றே அடியுங்கள். ஃபைலுக்குள் மட்டும் மாற்றினால் போதும்.