மறு: போர்ட்டல் ஆக்சிலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> 'வாயில் அச்சு' என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லின் பொருளும் அதுதானே.

ஐயா, போர்ட்டல் ஆக்சில் என்ற லாரி அச்சுக்கு நீங்கள் சொன்ன இந்தப் பெயரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று இந்த மடலை வீட்டில் படித்துக் காட்டினேன். "பல் டாக்டர் அளவெடுப்பாரே, அந்த அச்சா?" என்று என் மனைவி கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. வாயில் என்றால் நுழைவாயிலும் உண்டு, வாய்க்குள் என்பதும் உண்டு. அச்சோ வண்டிக்கும் உண்டு, வெல்லத்துக்கும் உண்டு, புத்தகத்துக்கும் உண்டு. இப்படி இரண்டை ஒட்டவைத்தால் பொருள் எங்கே நிற்கும்?

எந்தப் பொருளுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், லாரிக்கு அடியில் படுத்துப் பார்க்காதவர்களும் குழுவில் இருக்கிறார்கள். சாதாரண லாரியில் அச்சுத்தண்டு சக்கரத்தின் நடுமையத்துக்கே நேராகப் போய்ச் சேரும். அதனால் நடுவில் உருண்டு நிற்கும் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உறை தரையை ஒட்டித் தொங்கும், பாறை வந்தால் முதல் அடி அதற்குத்தான். போர்ட்டலில் தண்டு சக்கர மையத்துக்கு மேலே ஓடுகிறது. இரண்டு முனைகளிலும் கீழ்நோக்கி ஒரு பெட்டி. அதற்குள் மேலே ஒரு சிறிய பல்சக்கரம், கீழே ஒரு பெரிய பல்சக்கரம். மேலது தண்டோடு சுற்றும், கீழது லாரியின் சக்கரத்தைச் சுற்றும். இரண்டே பல்சக்கரம் என்பதால் தண்டு ஒரு திசையில் சுற்றினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். முதல் தடவை கையால் சுற்றிப் பார்த்தபோது எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் வேலையில் ஒரு பங்கு கடைசியில், சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பதால் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அந்த வகையிலும் அடியில் இடம் மிச்சம்.

எவ்வளவு மிச்சம் என்பதற்கு சோவியத் ஜீப்பான உவாஸ் 469 நல்ல சான்று. படைக்குப் போன வண்டியில் இந்தப் பெட்டிகள் இருந்தன, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 300 மில்லிமீட்டர். பொதுமக்களுக்கு வந்த 469பி-யில் பெட்டி இல்லை, 220. எட்டு சென்டிமீட்டர் என்பது சேற்றில் வண்டி போகுமா, வயிறு தட்டி நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிற அளவு.

நான் பேசுவது மெர்சிடிஸ்-பென்ஸின் யூனிமோக் 404 லாரியை வைத்து. 1955 முதல் 1980 வரை 64,000-க்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி ஜெர்மன் படைக்குப் போனது. 2.2 லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் படையிலிருந்து கழித்த வண்டிகள் பராமரிப்புக்கு வரும். இதன் பராமரிப்பில் பாதி, எண்ணெய் பார்ப்பதுதான். என்ஜின், கியர் பெட்டி, முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல், அப்புறம் நான்கு சக்கரத்திலும் நான்கு பெட்டிகள். ஆக எட்டு இடம். இந்த நான்கைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

போன மாதம் வந்த வண்டியின் இடது பின் பெட்டியைத் திறந்தேன். எப்போதும் போல ஊற்றும் திருகைத்தான் முதலில் கழற்றினேன். வடிக்கும் திருகை முதலில் கழற்றிவிட்டு, ஊற்றும் திருகு துருவில் இறுகிக் கிடந்தால் காலிப் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். வடிந்த எண்ணெய் பழுப்பாக இல்லை. பால் தூக்கலாக விட்ட காபி போல வெளுத்து, கொழகொழவென்று, தட்டில் நூலாக இறங்கியது. தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஓடையில் இறக்கியிருக்கிறார்கள். ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கும், எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையமான சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். அதே சீல் வழியே எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம், வண்டி நிற்காது.

இனிதான் சொல்ல வந்த விஷயம். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி அன்று வண்டிக்கு அடியில் இருந்தபடி கூப்பிட்டான்: "அண்ணை, மற்றப் பக்கத் தோளிலையும் எண்ணெய் கசியுது." எந்த இடம் என்று நான் கேட்கவே இல்லை, கை நேரே அங்கே போய்விட்டது. குறுக்கே ஓடும் தண்டு, முனையில் ஒரு திரட்சி, அங்கிருந்து கீழிறங்கும் கை. அது தோள்தான். பெயர் தேடி நாம் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், அது அந்த வண்டிக்கு அடியிலேயே பிறந்துவிட்டது.

என் பரிந்துரை 'தோளிருசு'. வண்டியின் அச்சுத்தண்டுக்கு மாட்டுவண்டிக்காரர்கள் சொல்லும் இருசுதான், அச்சு போல அது குழப்பாது. முனையிலுள்ள பெட்டி தோள்பெட்டி. அதன் எண்ணெய் தோளெண்ணெய். ஒரு சொல்லிலிருந்து அடுத்தடுத்த சொற்கள் தானாக வருகிறதா என்று பாருங்கள். 'வாயில்' என்பதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

—

தம்பி,

தோள் நன்றாக இருக்கிறது. வாயிலை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு கேள்வி.

ஒன்று, அச்சை ஏன் துரத்த வேண்டும்? "சாகாடும் அச்சிறும்" (வண்டியும் அச்சு முறியும்) என்று குறளில் இருக்கிறது, இன்றைக்கும் "லாரி அச்சு முறிந்தது" என்றுதான் செய்தித்தாளில் போடுகிறார்கள். குழப்பம் செய்தது வாயில். முன்னால் தோள் வந்து நின்றபின் யாரும் வெல்லத்தை நினைக்கப் போவதில்லை. இருசை இன்று பாதிப்பேருக்கு விளக்க வேண்டியிருக்கும்.

இரண்டு, தாழ்தள நகரப் பேருந்துகளில் இதே அமைப்பைத் தலைகீழாக வைக்கிறார்கள். தண்டு சக்கர மையத்துக்குக் கீழே ஓடும், தளம் தாழ்வாக வர அதுதான் வழி. அதற்கும் தோள் பொருந்துமா?

—

ஐயா,

முதல் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தோளச்சு என்று பத்துமுறை சொல்லிப் பார்த்தேன், தோளிருசைவிட நாக்கில் எளிதாக வருகிறது. அச்சே இருக்கட்டும்.

பேருந்துக்கு 'தாழ்தோளச்சு' போதும் என்று நினைக்கிறேன். பெட்டி அதே பெட்டி, பல்சக்கரம் அதே பல்சக்கரம், தோள் மட்டும் இறங்கியிருக்கிறது. லாரியைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏறுதோளச்சு' எனலாம், மற்றபடி வெறும் தோளச்சு. 'உயரச்சு' என்று வேறொருவர் முன்பு சொன்னது இங்கேதான் அடிபடும், பேருந்தில் உயரம் இல்லை.

பட்டறைக் குறிப்பேட்டில் அந்த வண்டியின் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: தோள்பெட்டி, இடது பின்: எண்ணெய் மாற்றியாயிற்று, 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வடித்துப் பார்க்க வேண்டும். தோள்பெட்டி, வலது பின்: சீல் வரவேண்டும்.