ஒரு யூனிட்டுக்கு 243 ரூவாயா? கரண்ட் பில்லு சண்டை

வண்ணார்பேட்டை வாத்தியார்:
நேத்து இங்கன ஒரு மகராசன் எழுதிருக்காரு: 'கரண்ட் ரேட்டு ஒண்ணும் கூடல, உங்க வீட்டு ஏசிதான் கூடிப்போச்சு.' படிச்சதுல இருந்து மண்ட காயுது. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடுனா முன்னால 1130 ரூவா. 2022 செப்டம்பர்ல அது 1725 ஆச்சு. 2024 ஜூலையில 1805. இது கூடலன்னா கூடுறதுன்னா என்னவே? அது கெடக்கட்டும். இந்தத் தடவ எனக்கு மீட்டர்ல 501. ஒத்த யூனிட்டு தாண்டிருக்கு, பில்லு 2048. ஒரு யூனிட்டுக்கு 243 ரூவா! எந்த ஊரு நியாயம் இது?

ஹைகிரவுண்ட் கணக்கன்:
அந்த மகராசன் நாந்தான் வாத்தியாரே. 501-வது யூனிட்டுக்கு ரேட்டு 8 ரூவா 40 பைசா. மிச்சம் 235 எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தீரா? 500-க்குள்ள நின்னா 101-ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டு 2.35. தாண்டுனா அதே நூறு யூனிட்டுக்கும் 4.70. உமக்கு மானியம் போச்சு, ரேட்டு கூடல. ரெண்டும் வேற வேற.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
மானியம்னு சொல்லும், மண்ணாங்கட்டின்னு சொல்லும். போனது யாரு பைல இருந்து? ஒத்த யூனிட்டு கூட ஓடுச்சு, 243 கூடக் கட்டுனேன். அப்ப ஒரு யூனிட்டுக்கு 243-தானே? நானும் முப்பது வருசம் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவன்தான்.

தென்காசி சாரல்:
அண்ணாச்சிமாரே, சண்டை எதுக்கு? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடுனா ஒன்றரை யூனிட்டு, ரெண்டு மாசத்துக்கு 90. இப்ப வார பிஎல்டிசி ஃபேனு 30 வாட்தான், 36 யூனிட்டுல முடிஞ்சிரும். ஒரே ஒரு ஃபேன மாத்துனாலே 54 யூனிட் மிச்சம். வாத்தியாரு 450-க்கு வந்துருவாரு.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
வாசல்ல குத்தால அருவிய வச்சிக்கிட்டு ஃபேனப் பத்திப் பாடம் எடுக்காவ பாருங்க. கத்திரி வெயில்ல ஒரு நாளு எங்க வீட்டு மச்சுல வந்து படுத்துப் பாரும். ஃபேன மாத்த நான் தயார். அந்த 243-ஐத் திருப்பித் தாரது யாரு?

தென்காசி சாரல்:
நல்லது சொன்னா இதான் மரியாதையா? வெயிலு எங்களுக்குந்தான் அடிக்கி.

கயத்தாறு காத்து:
எல்லாரும் முக்கியமானத விட்டுட்டிய. கயத்தாத்துல இருந்து பணகுடி, முப்பந்தல் வரைக்கும் எங்க திரும்புனாலும் கரண்டு எடுக்குத காத்தாடி. கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட்டுல ரெண்டு உலை ஓடுது. பாபநாசத்துல 1944-லயே தண்ணில கரண்ட் எடுத்தாச்சு. கரண்டு நம்ம மண்ணுல, பில்லும் நம்ம தலையில. திருநெல்வேலிக்காரனுக்கு ஃப்ரீயா குடுத்தாத்தான் என்ன?

மேலப்பாளையம் மச்சான்:
கயத்தாறு எப்பவே திருநெல்வேலி? 1986-லயே தூத்துக்குடிக்குப் போயாச்சு.

கயத்தாறு காத்து:
மாவட்டத்தைப் பிரிச்சா ஆளு மாறிருவானா? எங்களுக்கு நல்லது கெட்டதுன்னா துணி எடுக்க திருநெல்வேலி ஜங்ஷனுக்குத்தான் வாரோம். அப்படிப் பாத்தா 2019-ல இருந்து தென்காசியும் வேற மாவட்டந்தான். சாரல முதல்ல வெளிய அனுப்பும்.

தென்காசி சாரல்:
என்னய எதுக்கு இழுக்கீரு? நான் ஃபேனப் பத்தி மட்டுந்தான் பேசுனேன்.

ஹைகிரவுண்ட் கணக்கன்:
காத்தாடியில பெரும்பாலும் தனியார் மில்லுக்காரங்க சொத்து. கூடங்குளத்துக் கரண்டுல கேரளா, கர்நாடகாவுக்கும் பங்கு உண்டு. உம்ம ஊருல சுத்துனா உம்ம கரண்டா?

வாத்தியாரே, உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். 2022-க்கு முன்னால 500-க்கு 1130-ன்னு நீரே சொன்னீரு. அப்ப 501 ஆனா எவ்வளவு தெரியுமா? 1786. உம்ம கணக்குப்படி ஒரு யூனிட்டுக்கு 656 ரூவா. அப்ப எங்க போயிருந்தீரு?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
அப்ப நான் 500 தாண்டல, எனக்கு அது தேவையில்ல. பழைய பஞ்சாங்கத்த எடுத்து வாசிக்காதேயும். இப்ப உள்ளதுக்குப் பதில் சொல்லும். 243.

அல்வாக்கடை மருமவ:
2021 தேர்தல்ல மாசாமாசம் ரீடிங் எடுப்போம்னு சொன்னாவள்லா? அது வந்துட்டா இந்தப் பிரச்சினையே இல்ல அண்ணாச்சி.

ஹைகிரவுண்ட் கணக்கன்:
ஸ்லாபையும், அதான் ரேட்டு மாறுத யூனிட்டு எல்லையையும், பாதியாக்கிட்டா என்ன செய்வீங்கம்மா? மாசத்துக்கு 250-தான் எல்லைன்னு வச்சுக்கிடுவோம். மே மாசம் 300, ஜூன்ல 190. இப்பன்னா மொத்தம் 490, தப்பிச்சாச்சு. மாசக் கணக்குன்னா மே பில்லுலயே மாட்டிக்கிடுவீங்க.

அல்வாக்கடை மருமவ:
பாதியாக்குவாவன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? நீங்களா ஒண்ண வச்சிக்கிட்டு நீங்களே பதிலும் சொல்லுதிய.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
அப்படிக் கேளும்மா. போன வருசம் வீட்டு வரி ஏறுனப்பவும் இவரு இப்படித்தான், 'வரி கூடல, உங்க வீட்டு மதிப்பு கூடிருக்கு'ன்னு எழுதுனாரு. இவருக்கு எதுவுமே கூடாது. எங்களுக்குத்தான் எல்லாம் கூடும்.

ஹைகிரவுண்ட் கணக்கன்:
அந்த வஞ்சத்த இன்னும் மனசுல வச்சிருக்கீரா? 2025 ஜூலையில கரண்ட் ரேட்ட 3.16 சதம் ஏத்துனாவ, வீடுகளுக்கு அத அரசே ஏத்துக்கிட்டு. அதப் பத்தி ஒரு வரி எழுதுவீரா? எழுத மாட்டீரு.

மேலப்பாளையம் மச்சான்:
நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. வாத்தியாரு வீட்டுல கீழ ஒரு மீட்டரு, மாடிக்கு ஒரு மீட்டரு. ரெண்டு நூறு யூனிட்டு ஓசி வருதே, அதுக்கு இங்க யாரும் திரி போடல?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
மாடி வாடகைக்கு விட்டது வே. குடியிருக்கவன் பில்லு அவன் கட்டுதான். என் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கியே, உனக்கு வேற சோலி இல்லயா?

அல்வாக்கடை மருமவ:
அண்ணாச்சி, பேசாம மாடில சோலார் போட்ருங்க. மூணு கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூவா மானியம் குடுக்கு. எங்க கொழுந்தன் வீட்டுல போட்ருக்கு.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
மாடில தகடப் போட்டுட்டா உங்க அக்கா வடகம், வத்தல எங்கன காயப் போடுவா?

மேலப்பாளையம் மச்சான்:
மாடி வாடகைக்கு விட்டதுன்னு இப்பத்தான சொன்னீரு? குடியிருக்கவன் தலையிலயா வத்தல் காயுது?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
மாடி வேற, மொட்ட மாடி வேறல, கோட்டிக்காரா. பேச்ச மாத்தாத. கணக்கன் இன்னும் பதில் சொல்லல. ஒரு யூனிட்டு, 243 ரூவா. ஆமாவா இல்லயா?

ஹைகிரவுண்ட் கணக்கன்:
8 ரூவா 40 பைசா. எத்தன தடவ கேட்டாலும் அதான்.

கயத்தாறு காத்து:
மில்லுக்காரன் காத்தாடியாவே இருக்கட்டும். காத்து யாரு ஊரு காத்து? அதச் சொல்லும் முதல்ல.