வெந்நீர் போடும் வேலையில் விசுவாசமும் பொறுமையும் வளருமா?

கேள்வி: கோத்தகிரித் தம்பி

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவன், வயது 24. வேதாகமக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்ததும், ஓர் ஆண்டையாவது மிஷன் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற வாஞ்சையோடு, கடந்த ஜூன் மாதம் கோத்தகிரிக்கு அருகே ஆதரவற்ற முதியோரைப் பராமரிக்கும் ஒரு சிறிய இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குச் சென்று சுவிசேஷம் சொல்லலாம், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தலாம் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு மலையேறி வந்தேன்.

எனக்குக் கிடைத்த பொறுப்பு வேறு. காலை நாலரை மணிக்கு எழுந்து, விறகு பிளந்து, குளியலறைக்குப் பின்னால் இருக்கும் செம்பு பாய்லரைப் பற்றவைத்து, பதினான்கு பெரியவர்களுக்கும் வெந்நீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன்பின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும், கழிப்பறைகளைக் கழுவுவதும், பிற்பகலில் கேரட் பாத்திகளில் களை எடுப்பதும் என் வேலைகள். ஐந்து மாதங்களாக ஒரு நாள்கூட நான் பிரசங்கம் செய்யவில்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்து, "ஊழியம் எப்படி நடக்கிறது?" என்று கேட்கும்போது, "நன்றாக நடக்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கிய நாளிலிருந்து சீகை மரத்து விறகு முழுவதும் ஈரமாகக் கிடக்கிறது. அதைப் பற்றவைக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஊதுகுழலை வாயில் வைத்து, புகையில் கண் எரிய, அடுப்பின் முன் மண்டியிட்டபடி இருக்கிறேன். அந்த நிலையிலும் எனக்கு ஜெபம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா, "கர்த்தர் உனக்கு இதில் விசுவாசத்தையும் பொறுமையையும் கற்றுக்கொடுக்கிறார்" என்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும், இப்படிப்பட்ட எளிய வேலைகள் உண்மையிலேயே ஒருவனுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்குமா, அல்லது உடல் பழகி மனம் மரத்துப்போவதைத்தான் நாம் பொறுமை என்று அழைக்கிறோமா என்ற சந்தேகம் என்னை விடவில்லை. இந்தப் பாதையில் எனக்கு முன்னே நடந்தவர்கள் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குன்னூர் அக்கா

தம்பி, உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக. நான் நீலகிரியில் உள்ள கேத்தி என்ற ஊரில் பிறந்தவள். மிஷன் மருத்துவமனை ஒன்றில் 32 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் மகளோடு இருக்கிறேன்.

2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று ராஜாக்கள் தண்ணீரில்லாத வனாந்தரத்தில் சேனையோடு தவித்து நின்று, கர்த்தருடைய தீர்க்கதரிசி யாராவது இங்கே உண்டா என்று விசாரிக்கிறபோது, ஓர் ஊழியக்காரன் எலிசாவைப் பற்றிச் சொல்கிறான். எலிசா எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்பதுதான் அவன் கொடுத்த அறிமுகம். எலிசாவுக்கு அப்போது இருந்த பெயர் அதுதான். வெந்நீர் வாளி தூக்கும் உங்களுக்கு இந்த வசனத்தை நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொறுமையைப் பற்றி என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. ஊசி போடவும் அறுவை அறையில் நிற்கவும் ஆசைப்பட்டவளுக்கு அது அற்பமான வேலையாகத் தெரிந்தது. ஒரு வாரம் இரவுப் பணியில் நான் அதைச் சரியாகச் செய்யாமல், குறிப்பேட்டில் மட்டும் செய்ததாக எழுதி வைத்தேன். பாட்டியின் முதுகுக்குக் கீழே முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்தது. நான்காம் நாள் தோல் விட்டது. பிறகு குழிப்புண் ஆயிற்று. அந்தப் புண்ணை நாள்தோறும் உப்பு நீரால் கழுவிக் கட்டுப்போடும் வேலையைத் தலைமைச் செவிலியர் எனக்கே கொடுத்தார்கள். ஏழு வாரங்கள் ஆயின. அடியிலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை மெல்ல மெல்ல ஏறி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். நான் அவசரப்பட்டால் அது ஒரு நாள்கூட முன்னதாக ஆறாது. பாட்டி என்னை ஒரு முறையும் கடிந்துகொள்ளவில்லை. கட்டுப்போடும்போது என் தலையில் கை வைத்தபடி இருப்பார்கள். பொறுமை என்ற சொல்லை ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருந்தாலும், அந்த ஏழு வாரத்தில்தான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது.

ஆகவே உங்களுக்கு எரிச்சல் வருவதை வைத்து நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதினார். பொறுமையோடு வருகிறவனுக்கு உபத்திரவம் கொடுக்கப்படும் என்று எழுதவில்லையே.

நான் பிறந்த கேத்தியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் ஊழியர்கள் 1846இல் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களில் மெட்ஸ் ஐயர் மழையிலும் பனியிலும் இந்த மலையின் படகர் ஜனங்கள் வாழும் ஊர்களுக்கு, ஒவ்வொரு ஹட்டியாக நடந்தே போனவர். அந்த ஜனங்களுடைய பாஷையையும் வழக்கங்களையும் அவர்களிடமே இருந்து கற்றுக்கொண்டவர். படகர்களில் முதல் ஆத்துமா ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் போயின! அந்த ஆண்டுகளில் அவர்களும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் என்ன எழுதுவதென்று திகைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மாவிடம் வெந்நீர் போடுகிறேன் என்றே சொல்லுங்கள்.

பதில் 2: செண்பகனூர்ப் பக்கத்து ஆசிரியர்

அன்புத் தம்பிக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன். இளம் வயதில் சேசு சபை என்ற துறவற சபையில் இரண்டு ஆண்டுகள் நவதுறவியாக, அதாவது துறவறத்துக்குப் பயிற்சி பெறுபவனாக இருந்துவிட்டு, என் அழைத்தல் இல்லறம் என்று தெளிந்து வெளியே வந்தவன். இப்போது கொடைக்கானலில், அந்தச் சபையார் 1895இல் செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில், எளிய வேலை தானாக எதையும் கற்றுக்கொடுக்காது என்பதே. சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சபையில் சேருவோருக்கு ஆறு வகையான சோதனைகளை விதித்தார். ஒரு மாதம் ஆன்மீகப் பயிற்சிகள், ஒரு மாதம் மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிவிடை, ஒரு மாதம் கையில் காசில்லாமல் திருப்பயணம் என்று போகும் அந்த வரிசையில், வீட்டின் தாழ்ந்த வேலைகளைச் செய்வது நான்காவதாக வருகிறது. சிறுவருக்கு மறைக்கல்வி கற்பிப்பதும், மறையுரை ஆற்றுவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆனால் இந்தச் சோதனைகள் எதிலும் ஒருவரைத் தனியாக விட்டுவிடுவதில்லை. நண்பகலிலும் இரவிலும் தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் ஆன்ம சோதனை உண்டு. நடந்ததைத் திறந்து பேச ஒரு வழிகாட்டி உண்டு. அந்த இரண்டும் இல்லாமல் பாத்திரம் துலக்கினால் பாத்திரம் மட்டுமே சுத்தமாகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். எனக்கு மாட்டுத் தொழுவம் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் இருபது நாட்கள் சாணி அள்ளினேன், அவ்வளவுதான். நவதுறவியர் இல்லத் தந்தை ஒரு நாள் மாலை, "இன்று எந்த மாடு சரியாகத் தின்னவில்லை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபது நாட்கள் அந்தத் தொழுவத்தில் என்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் புனித அல்போன்ஸ் ரொட்ரீகஸைப் பற்றி அறிந்திருக்க மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன். மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து, கம்பளி வாணிபமும் நொடிந்துபோன நிலையில், சேசு சபையில் துணைச் சகோதரராகச் சேர்ந்தவர் அவர். மயோர்க்கா தீவில் இருந்த கல்லூரியின் வாயிற்காப்பாளராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும், தட்டுவது ஆண்டவரே என்று எண்ணி எழுந்து போவார் என்று சொல்வார்கள். அந்தக் கல்லூரியில் படித்த பேதுரு கிளேவர் என்ற மாணவர் அந்த வாயிற்காப்பாளரிடம் அறிவுரை கேட்டு, அவருடைய தூண்டுதலால் தென் அமெரிக்காவுக்குச் சென்று, கப்பலில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். 1888இல் இருவருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

பிரான்ஸ் நாட்டுக் கன்னியர் மடத்தில் வாழ்ந்த சிறுமலர் தெரேசாவையும் இங்கே சொல்ல வேண்டும். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டே இருந்தபோது, முகத்தைத் துடைக்க எழுந்த கையை அடக்கிக்கொண்டவர் அவர். மடத்தை விட்டு ஒரு மறைபணி நாட்டுக்கும் போகாமல் 24 வயதில் இறந்த அவரை, 1927இல் திருச்சபை மறைபணிகளுக்கெல்லாம் பாதுகாவலராக, புனித சவேரியாருக்கு இணையாக அறிவித்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு பேரின் பெயரையும், யாருக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதையும் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு எழுதுங்கள்.

பதில் 3: மேட்டுப்பாளையம் பழைய ஊழியர்

மேலே எழுதிய இருவரோடும் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. இருந்தாலும் இந்தத் தம்பியின் நன்மைக்காகச் சொல்ல வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது.

நான் மூன்று ஆண்டுகள் ஒரு மிஷன் வளாகத்தில் இருந்தேன். அங்கே கழிப்பறையும் சமையலறையும் எப்போதும் புதிதாக வந்தவர்களுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். மூத்தவர்கள் தாங்கள் குடித்த டம்ளரைக்கூடக் கழுவியதில்லை. ஏன் என்று கேட்டால், உனக்குத் தாழ்மை போதாது என்பார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டிருந்த நாளிலும் விறகு பிளக்கச் சொன்னார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது பயம். விசுவாசம் மீண்டும் துளிர்க்க, வெளியே வந்த பிறகு எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவியவர் யார் என்று பார்க்க வேண்டும். போதகரும் ஆண்டவருமாகிய அவரே இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். சிறியவனை அழைத்து என் காலைக் கழுவு, உனக்குத் தாழ்மை வரும் என்று அவர் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்திலும், அன்றாடப் பகிர்வில் சில விதவைகள் கவனிக்கப்படாமல் போனார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, முறுமுறுத்தவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லி அடக்கவில்லை. பந்திவிசாரணைக்காக, அதாவது அந்தப் பகிர்வைக் கவனிப்பதற்காக, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்பும் உண்டு. பந்தி விசாரித்த கையோடுதான் அவர்கள் சாட்சியும் சொன்னார்கள்.

ஆகவே தம்பி, உங்கள் இல்லத்தில் பொறுப்பாளரும் வாளி தூக்குகிறாரா, உங்களுக்கு வாரத்தில் ஓய்வு நாள் உண்டா, உடம்பு சரியில்லை என்றால் வேறொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வாரா, உங்கள் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் இருக்கிறதா என்பவற்றை நேர்மையாகக் கவனியுங்கள். இருந்தால் அங்கேயே நிலைத்திருங்கள். இல்லையென்றால், கிளம்பி வருவதை அவிசுவாசம் என்று யாரும் சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

கோத்தகிரித் தம்பியின் மறுமொழி (மூன்று வாரங்களுக்குப் பின்)

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா மேட்டுப்பாளையத்திலிருந்து கேட்ட கேள்விகளைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் பொறுப்பாளர் அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல் ஆகியும், நான் ஆலயத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்லரை எரிப்பது அவர்கள்தான் என்பதை நான் கேள்வியில் குறிப்பிடவே இல்லை. அவர்களிடம் என் விருப்பத்தை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். பொங்கலுக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் உபதேசியாரோடு லைன் வீடுகளுக்குப் போய்வர அனுமதி தந்திருக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி பதினான்கு பேரையும் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் பாய்லரின் புனலில் ஒரு வாளி பச்சைத்தண்ணீர் ஊற்றினால்தான் மறுபக்கத்துக் குழாயில் ஒரு வாளி வெந்நீர் வரும். மூன்று வாளிக்கு மேல் நிறுத்தாமல் ஊற்றினால் சூடு இறங்கிவிடும்; கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஐந்து மாதங்களாக வரிசையில் கடைசியாக இருப்பவர்களுக்கு நான் வெதுவெதுப்பான தண்ணீரையே கொடுத்துவந்திருக்கிறேன். கடைசி அறையில் இருக்கும் பாட்டிக்கு விரல் மூட்டுகளில் வாதம். குளிப்பதற்கு முன் இரண்டு கைகளையும் வாளிக்குள் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு, விரல்கள் விரியும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். போன புதன்கிழமை நல்ல சூட்டில் கொண்டுபோய் வைத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. "இன்றைக்குச் சீக்கிரம் விரிந்துவிட்டது, தம்பி" என்றார்கள். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

எரிச்சல் முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நேற்றுக் காலை தரையில் நீர்ப்பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. விறகு பற்றவே இல்லை. கோபத்தில் ஊதுகுழலைத் தரையில் அடித்தேன். பிறகு அதை எடுத்துத் துடைத்து, அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே ஊதினேன். ஊரில் இருக்கும் என் அம்மாவிடமும் வெந்நீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாட்டிக்கு வேப்பெண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார்கள்.

குன்னூர் அக்கா

படித்து ஸ்தோத்திரம் செய்தேன், தம்பி. விறகைத் தரையில் அடுக்காதீர்கள். இரண்டு கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மறுநாளைக்கு வேண்டியதை இரவே பிளந்து, அணைகிற அடுப்பின் பக்கத்தில், தீ எட்டாத தூரத்தில் சாய்த்து வையுங்கள். பற்றவைக்க உலர்ந்த கற்பூர மரப்பட்டையை (யூகலிப்டஸ் பட்டை) கிழித்துப் போடுங்கள். ஈர நாளிலும் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கார்த்திகை, மார்கழி முழுவதும் அப்படித்தான் எரிப்போம். பாட்டியின் கைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் உடனே துடைத்து, கம்பளித் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பனிக்காற்று பட்டால் மறுபடியும் இறுகிவிடும்.