கொரிய யுத்தம் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

கல்லடிவாசி: மட்டக்களப்பில் நூலகத்தில் எடுத்த பழைய புத்தகம் ஒன்று, 1950 யூனில் தொடங்கிய கொரிய யுத்தம் பற்றியது, வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது, சியோல் நகரம் மட்டும் ஒரு வருசத்துக்குள் நாலு தரம் கைமாறியிருக்கிறது. பள்ளியில் இது ஏன் வரவில்லை? எங்களுக்கு ஏதும் தொடர்பு உண்டா?

ஆரையம்பதியான்: இல்லாமலா? அந்த யுத்தத்தால் றப்பர் விலை ஏறி இலங்கைக்கு நல்ல காசு வந்தது, மறுகா விலை விழ, அரிசியும் தட்டுப்பட, 1952 இல் சீனாவோடு றப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டார்கள். கொரியாவில் சீனா எதிர்ப்பக்கம் நின்று சண்டை பிடித்ததால் அமெரிக்காவுக்குச் சரியான கோபம். கூப்பனுக்குக் கிடைத்த அரிசியை அம்மம்மா திட்டிக்கொண்டேதான் சமைத்தாவாம்.

படுவான்கரை: 1953 யூலை 27 இல் போட்டது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. சரி, புத்தகத்தை எப்போது திருப்பிக் கொடுப்பீங்க?