பத்தாயிரம் திரும்பி வந்தும் கோபம் அடங்கவில்லை. ஏன்?

சத்துவாச்சாரி செல்வி:
கத்திரி வெயில் நேரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்ததும் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி, "வெளிச்சம் வரட்டும்மா" என்று நிறுத்திவிட்டார். பிள்ளை வீறிட்டு அழுகிறாள், மாமியார் பத்திரிகையால் விசிறுகிறார். கேன் எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனவர் வர முக்கால் மணி நேரம் ஆனது.

கணக்கு முடிக்கும்போது நான் கேட்காமலே வாடகையில் பத்தாயிரம் கழித்தார் மேனேஜர். செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேலூர்ல வெயில் அடிக்காம பனியா கொட்டும்? அதான் கழிச்சாச்சுல்ல" என்றார். முந்தின வாரமும் அங்கே இப்படி ஆகி, அந்த வசதியான வீட்டாரிடம் முதலாளியே நேரில் வந்து வருத்தம் தெரிவித்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "பணம் வந்தாச்சு, விடு" என்கிறார் வீட்டுக்காரர். நான் பெரிதுபடுத்துகிறேனா?

ஆற்காடு சமையல்காரர்:
இல்லைக்கா. நான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். பிரியாணி தாமதமானால் வீட்டுப் பெரியவரிடம் நானே போய், "இப்பதான் தம் போட்டிருக்கு, அரை மணி ஆகும்" என்று சொல்லிவிடுவேன். திட்டுவார்கள், அப்புறம் பந்தியைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று இழுத்தடித்த இடத்தில்தான் சண்டை வரும். பணத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் அங்கே மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

காட்பாடி ஆசிரியை:
செல்வி, நான் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு நடத்தும் பாடமே இதுதான். சேவையில் தவறு நடந்தபின் வாடிக்கையாளர் நியாயத்தை மூன்று விதமாகப் பார்க்கிறார்: கையில் என்ன கிடைத்தது, எந்த முறையில் தீர்த்தார்கள், நம்மை எப்படி நடத்தினார்கள். உங்களுக்குக் கிடைத்தது முதலாவது மட்டும். ஏமி ஸ்மித், ரூத் போல்ட்டன், ஜேனட் வாக்னர் மூவரும் உணவகம், ஓட்டல் வாடிக்கையாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. இழப்பு எந்த வகையோ, ஈடும் அதே வகையில் இருந்தால் மனம் கூடுதலாக ஏற்கிறது என்பது அதன் முக்கியமான முடிவு. சபையில் பட்ட அவமானத்துக்கு வாடகைக் கழிவு ஈடாகாது. இன்னொரு வீட்டுக்குக் கிடைத்த மரியாதை உங்களுக்கு மறுக்கப்பட்டதும் சேர்ந்துகொண்டது. இந்தக் கோபம் நியாயமானது.

குடியாத்தம் வக்கீல்:
முழுத் தீர்வு என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் அதை முதலில் படியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். ரசீது பத்திரம்.

சத்துவாச்சாரி செல்வி:
கையெழுத்து எதுவும் போடவில்லை, ரசீது இருக்கிறது. டீச்சர் சொன்னதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவரும் கூட வருகிறேன் என்கிறார். இன்னும் பணம் கேட்கப் போவதில்லை. முந்தின வாரமே டீசல் தீர்ந்தது தெரிந்தும் ஏன் நிரப்பவில்லை என்று முதலாளி பதில் சொல்ல வேண்டும். என் மாமியாரிடம் வந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டால் 1915க்குப் போன் செய்கிறேன்.