புதுப்பிப்பு: கவுன்சிலிங் போகலாமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்தோம்

பெரிய சண்டை எதுவும் இல்லை, ஆனால் எனக்கும் கணவருக்கும் பேச்சே குறைந்துவிட்டது, இதற்கெல்லாமா கவுன்சிலிங் போவார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரியவர்களை வைத்துப் பேசுங்கள் என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். அதுவும் செய்தாச்சு. மாமியார் என் பக்கம், என் அம்மா அவர் பக்கம், கடைசியில் அவர்கள் இருவருக்குள்ளும் மனஸ்தாபம்!

சரி என்று கிளம்பினோம். யார் மேல் தப்பு என்று கவுன்சிலர் கேட்கவேயில்லை, கடைசிச் சண்டை எப்படி ஆரம்பித்தது என்றுதான் கேட்டார். கரண்ட் பில் கட்ட மறந்ததில் ஆரம்பித்தது. நான் "உங்களுக்கு என்றைக்குமே பொறுப்பு கிடையாது" என்றேன், அவர் ஒரு வார்த்தை பேசாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆராய்ந்து நான்கு ஆபத்தான பழக்கங்களைச் சொல்லியிருக்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தற்காப்பு, சுவர் மாதிரி மௌனமாகிவிடுவது. இதில் இளக்காரம்தான் ரொம்ப மோசமாம். எங்களிடம் முதலும் கடைசியும் இருக்கின்றன, இளக்காரம் வருவதற்குள் வந்தீர்களே என்றார் கவுன்சிலர்.

அடிக்கிற கணவரோடும் கவுன்சிலிங் போகலாமா என்று தனியாகக் கேட்ட தோழிக்கு: அடி விழுகிற வீடு என்றால் ஜோடியாகப் போக வேண்டாம், அங்கே உண்மையைச் சொல்லிவிட்டு அதே ஆளோடு வீடு திரும்ப வேண்டுமே. 181க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் இயங்கும் பெண்கள் உதவி எண். அப்புறம், குடும்ப நீதிமன்றத்திலேயே கவுன்சிலர்கள் உண்டு (1984 சட்டப்படி), ஆனால் கோர்ட் வாசல் வரைக்கும் தள்ளிப்போடுவானேன்?

அடுத்த தடவைக்கு என் கணவரே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார்.